பாதி வெட்டிய துடுப்பு

அந்தப் பண்ணையில் அவளுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டுதான். ஆனால் எதையும் ஒருதரம் நிறுத்துவிட்டு, நம்பாமல் மறுதரமும் நிறுக்கிற பழக்கம் அந்தப் பெயரை விழுங்கிவிட்டது. கதவைப் பூட்டிவிட்டு இழுத்துப் பார்ப்பாள். ஆயிரம் மீன் குஞ்சுகளை எண்ணி முடித்துவிட்டு, "எதுக்கும் இன்னொரு தடவை எண்ணிடறேன்" என்பாள்.

"பொண்ணு பாக்கப் போனப்போ என்னை ரெண்டு தடவை நிமிர்ந்து பார்த்தா. அதனாலதான் கல்யாணம் நடந்துச்சு. ஒரு தடவையோட விட்டிருந்தா வேணாம்னு சொல்லியிருப்பா" என்பான் அவள் புருஷன். அதில் உண்மை இல்லாமலும் இல்லை.

பண்ணையில் எட்டுக் குளங்கள். எல்லாவற்றிலும் கெண்டை. குளங்களையும் வலைகளையும் மீன் வாங்க வருகிறவர்களையும் கட்டி ஆள்வது புருஷனின் அக்கா. தகப்பன் போன பிறகு பதினைந்து வருஷமாக அவள் வைத்ததுதான் அங்கே சட்டம். தராசுவின் ராஜ்ஜியம் பொரிப்பகம் மட்டும். சுவரோரம் ஆறு சிமெண்டுத் தொட்டிகள், ஓயாமல் சொட்டுகிற குழாய், ஒரு கால் ஆடும் மேசை, அதன்மேல் சின்னத் தராசு, பதிவு நோட்டு. அங்கேதான் தாய் மீன்களிடமிருந்து முட்டை எடுத்துக் குஞ்சு பொரிக்க வைப்பார்கள். முட்டைக்குள் இரண்டு கரும்புள்ளிகளாகக் கண் தெரிகிற நாளில் தராசு காலைச் சாப்பாட்டையே மறந்துவிடுவாள். உலகத்தில் தனக்குச் சந்தேகம் வராத ஒரே இடம் அந்த அறைதான் என்று அவளுக்குத் தோன்றும்.

அந்த அறைக்கே வினை வரும்படி பேசியவளும் அவள்தான்.

வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் மீன் வளர்ப்பு வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள். பண்ணையின் பழைய எடைப் பதிவுகளை வைத்து ஒரு கோடு வரைந்துவர வேண்டும் என்பது அங்கே கொடுத்த வீட்டுப் பாடம். கட்டம் போட்ட தாளில் பதினைந்து வருஷத்துக்குப் புள்ளி வைத்து இழுத்தாள். கோடு மாடிப்படி இறங்குவது போல இறங்கியது. அதே தீனி, அதே தண்ணீர், அதே எட்டு மாதம். அன்றைக்கு எண்ணூறு கிராம் வந்த மீன் இன்றைக்கு அறுநூறுதான் வருகிறது. தாளைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று ஒருமுறை திருப்பிக்கூடப் பார்த்தாள்.

காரணம் கண் முன்னாலேயே இருந்தது. குளத்தில் வலை போட்டதும் பெரிய மீன்கள் முதல் லாரியில் ஏறிவிடும். நடுத்தரம் அடுத்த லாரியில். யாரும் வாங்காமல் அடியில் மிஞ்சுகிறவற்றை நாத்தனார் கூடையில் அள்ளி, "இது தாய்த் தொட்டிக்கு ஆகட்டும்" என்று அனுப்புவாள். வருஷா வருஷம், வளராத மீனே அடுத்த தலைமுறைக்குத் தாயும் தகப்பனும் ஆனது. போதாததற்கு, ஆறு தொட்டியிலும் இருந்தது ஒரே குடும்பம். வெளியிலிருந்து ஒரு மீன்கூட வந்ததில்லை.

இதைப் பக்குவமாகச் சொல்ல வேண்டும் என்று தராசு நான்கு நாள் யோசித்தாள். ஐந்தாம் நாள் வாய் திறந்தபோது வந்தது வேறு.

"அண்ணி, விதை நெல்லை விருந்து வச்சுட்டுப் பதரை விதைச்ச மாதிரி இருக்கு நாம பண்றது."

நாத்தனார் கிழிந்த வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். கை நின்றது. "அப்போ பதினஞ்சு வருஷமா நான் பதர் விதைச்சுட்டு இருந்தேன். அப்படித்தானே?"

"அப்படி இல்ல அண்ணி..."

"அப்படித்தான். நாலு நாள் வகுப்புக்குப் போனதும் நாக்குக்கு நீளம் வந்துடுச்சு. பெருசை விக்காம வீட்டுல வச்சுக் கொஞ்சச் சொல்றியா?"

"பெருசுல கொஞ்சத்தை வச்சுக்கணும். வெளியிலேருந்து வேற வம்சம் கொண்டுவந்து கலக்கணும். கலந்தா வளர்த்தி கூடும்."

"எவ்வளவு கூடும்?"

தராசு மாட்டிக்கொண்டது அங்கேதான். 'தெரியாது' என்பதுதான் நேர்மையான பதில். "அஞ்சுல ஒரு பங்கு கூடலாம்" என்றாள்.

"கூடலாமா, கூடுமா?"

"கூடும்."

நாத்தனார் ஊசியை வலையில் குத்தி வைத்தாள். "சரி. ஒரு குளம் தர்றேன். அஞ்சுல ஒரு பங்கு கூடிட்டா, இனிமே எந்த மீன் தாய், எந்த மீன் தகப்பன்னு நீ சொல்றதுதான். நான் வாயே திறக்க மாட்டேன். கூடலைன்னா பொரிப்பகத்தைப் பூட்டிடறேன். குஞ்சை வெளியில வாங்கிக்கலாம். நீ வந்து தீனி மூட்டையை எண்ணிட்டு இரு. உனக்குத்தான் எண்ணப் பிடிக்குமே."

ஆற்றுக்கு அக்கரையில் இருந்த ஒரு பண்ணையிலிருந்து பன்னிரண்டு ஆண் கெண்டைகள் காற்றடைத்த பைகளில் வந்து இறங்கின. "மாப்பிள்ளைங்க வந்தாச்சு! வழியில ஒருத்தரும் கோவிச்சுக்கல" என்று புருஷன் வண்டியிலிருந்தே கத்தினான். தராசு சிரிக்கவில்லை. பண்ணையின் தாய் மீன்களில் ஆறைப் பொறுக்கி, வயிற்றை மெல்ல நீவி முட்டையை இறக்கினாள். ஒவ்வொரு தாயின் முட்டையையும் சரிபாதியாக இரண்டு கிண்ணத்தில் பிரித்தாள். ஒரு பாதிக்கு வெளி மாப்பிள்ளையின் விந்து, மறுபாதிக்குப் பண்ணையின் பழைய ஆண் மீனுடையது. கோழி இறகால் கலக்கிவிட்டாள். தாய் ஒன்று, தகப்பன்தான் வேறு. பிறகு எது பெரிதாக வளர்ந்தாலும், தாய் வீட்டுச் சீர் என்று யாரும் சொல்ல முடியாது.

குஞ்சுகள் விரல் நீளம் ஆனதும் இரண்டு கூட்டத்தையும் ஒரே குளத்தில் விட வேண்டும். ஒரே தண்ணீரில் ஒன்றாக வளர்ந்தால்தான் போட்டி நியாயமானது. ஆனால் கலந்துவிட்டால் எது எதென்று தெரியாதே? அதற்கு அடையாளமாக வயிற்றடியில் இருக்கும் இரட்டைத் துடுப்பில் ஒன்றை வெட்டிவிடுவார்கள். ஒரு கூட்டத்துக்கு வலம், மற்றதற்கு இடம். கலப்பு மீனுக்கு எந்தப் பக்கம் என்பதைக்கூடத் தராசு தன்னிஷ்டத்துக்கு விடவில்லை. புருஷனைக் காசு சுண்டச் சொல்லி, விழுந்த பக்கத்தை நோட்டில் எழுதினாள்.

அந்த வழியாக வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றாள். "எந்தப் பக்கம் எதுன்னு எனக்குச் சொல்லாதே. தெரிஞ்சா, நாளைக்கு நான் கண்ணு போட்டுத்தான் உன் மீன் வளரலைன்னு சொல்லுவே."

"சொல்லல அண்ணி" என்று தராசு நோட்டை மூடி மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினாள். இழுத்தும் பார்த்தாள்.

வகுப்பில் கொடுத்த தாளில் 'துடுப்பை வேரோடு வெட்டவும்' என்று இருந்தது. அதற்குச் சிவப்பு மையில் அடிக்கோடு போட்டவளும் அவள்தான். புருஷன் பிடித்துக்கொள்ள, முதல் குஞ்சின் அடிவயிற்றில் கத்தரி முனையை வைத்தாள். குஞ்சு அவன் உள்ளங்கையில் துடித்தது. வேருக்குப் போன கத்தரி பாதியில் நின்றது. பாதியோடு வெட்டிவிட்டாள். பாதி போனாலும் அடையாளம் அடையாளம்தானே என்று மனசுக்குச் சமாதானம் சொன்னாள். ஒன்றுக்குப் பாதி என்றால் எல்லாவற்றுக்கும் பாதி. அதில் மட்டும் அவள் பிசகவில்லை. அறுநூறு குஞ்சுகளுக்கும் சரியாக நடுவில், நூல் பிடித்தது போல வெட்டினாள். கூட்டத்துக்கு முந்நூறு. இரண்டு நாள் ஆயிற்று. இரண்டாம் நாள் கட்டை விரலில் கொப்புளம் வந்தது.

எட்டு மாதம் கழித்து, விடிந்தும் விடியாததுமாகக் குளத்தில் வலை இறங்கியது. வலையை ஒரு மூலைக்கு ஒதுக்கிச் சுருக்கியபோது தண்ணீர் கொதிப்பது போல மீன்கள் துள்ளின. பதினோரு மணிக்கு லாரி வரும். உயிரோடு ஏற்றி அனுப்ப வேண்டும். அதற்குள் பிரித்து நிறுத்தாக வேண்டும்.

தராசு ஈரத் துணியால் முதல் மீனைப் பிடித்து மல்லாத்தினாள். வயிற்றடியில் இரண்டு துடுப்புகளும் முழுசாக, அழகாக விரிந்தன. இது எப்படியோ விட்டுப்போயிருக்கும். அடுத்ததை எடுத்தாள். அதற்கும் இரண்டு. அடுத்தது. பத்தாவது மீனுக்கும் இரண்டு. வெட்டிய துடுப்பெல்லாம் திரும்ப வளர்ந்துவிட்டிருந்தது.

வேரோடு வெட்டவும். சிவப்பு மை. இப்போது புரிந்தது.

"என்ன, மீனுக்கு ரேகை பாக்கறியா?" என்றாள் கரையில் நின்ற நாத்தனார்.

மறைக்கத் தராசுவுக்குத் தெரியாது. "அண்ணி, தப்புப் பண்ணிட்டேன். பாதிதான் வெட்டினேன். பாவமா இருந்துச்சு. எல்லாம் திரும்ப முளைச்சுடுச்சு. எது எதுன்னு தெரியல."

நாத்தனார் அவள் கையிலிருந்த மீனைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் விஷம் இல்லை, அதுதான் தாங்க முடியவில்லை. "உலகத்தையே ரெண்டு தடவை நிறுக்கிறவ, கத்தரியை மட்டும் ஒரு தடவைகூட நிறுக்கலையே! போகட்டும் விடு. லாரி வந்ததும் எல்லாத்தையும் ஏத்திடலாம். பொரிப்பகத்துச் சாவியைச் சாயந்தரம் குடுத்தாப் போதும்."

தராசு கையிலிருந்த மீனைப் பார்த்தபடியே நின்றாள். விடலாம் என்று குனிந்தபோது கட்டை விரல் அதன் வலத் துடுப்பின் மேல் தன்னையறியாமல் ஓடியது. நடுவில் ஏதோ இடறியது. ஒட்டுப் போட்ட வலையைத் தடவும்போது முடிச்சு இடறுமே, அப்படி. இடத் துடுப்பைத் தடவினாள். வழவழவென்று போனது. மறுபடி வலம். இடறல். சூரியனுக்கு நேரே விரித்துப் பிடித்தாள். துடுப்பின் நரம்புகள் நேராக வந்து, சரியாகப் பாதியில் மயிரிழை கோணி, மறுபடி நேராக ஓடின. எல்லா நரம்பும் ஒரே கோட்டில் கோணியிருந்தன.

வெட்டு ஆறிவிட்டது, தழும்பு ஆறவில்லை. அறுநூறிலும் ஒரே இடத்தில் வெட்டியதால், எங்கே தேட வேண்டும் என்றும் தெரியும்.

அடுத்த மீன். இடத்தில் இடறல். அதற்கடுத்தது வலம். அதற்கடுத்ததும் வலம். அது நல்ல பருமனான மீன். அங்கேதான் அவள் கை நின்றுவிட்டது. பெரிய மீனாகப் பார்த்ததும் வலத்தில் இடறியதா, இடறியதால் வலம் என்றாளா? வேண்டும் என்று தேடினால் விரல் எதையும் கண்டுபிடிக்கும்.

மீனைத் தண்ணீரில் விட்டுவிட்டுக் கரையேறினாள். "அண்ணி, தழும்பு இருக்கு. விரலுக்குத் தெரியுது. ஆனா நான் தொடக் கூடாது."

"ஏன், தீட்டா?"

"எது பெருசோ அதை என்னோடதுன்னு சொல்லிடுவேன். எனக்கே என் மேல நம்பிக்கை இல்ல. நீங்க பாருங்க."

"நானா? எனக்கு எந்தப் பக்கம் எதுன்னே தெரியாதே."

"அதனாலதான் அண்ணி."

நாத்தனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பதினைந்து வருஷமாக இருட்டிலும் வலையின் கிழிசலைக் கண்டுபிடித்த விரல்கள் அவளுடையவை. ஒரு மீனை வாங்கினாள். கண்ணைக் குளத்தின் மேல் வைத்துக்கொண்டே துடுப்புகளை நீவினாள். "வலம்" என்றாள். இன்னொன்று. "இடம்." இன்னொன்று. "இது தெரியல."

"தெரியலைன்னா தெரியலைன்னே சொல்லுங்க. அதைத் தனியா வச்சிடலாம்."

தண்ணீருக்குள்ளேயே மூன்று வலைத் தொட்டில்கள் கட்டினார்கள். வலம், இடம், தெரியாதது. புருஷன் மீனை எடுத்துக் கொடுக்க, நாத்தனார் தடவிச் சொல்ல, வலைக்காரர்கள் அந்தந்தத் தொட்டிலில் விட்டார்கள். தராசு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். தன் முகம் எதையும் காட்டிக்கொடுத்துவிடக் கூடாதே என்று.

"நீங்களும் காட்டிக்கொடுக்கக் கூடாதுங்க" என்றாள் புருஷனிடம்.

"எதை? வலமா இடமா, எனக்கு எங்கே ஞாபகம் இருக்கு! காசு சுண்டினது ஞாபகம் இருக்கு. அந்தக் காசை நீ திருப்பித் தரலைங்கறதும் ஞாபகம் இருக்கு."

இருநூறு மீன் தாண்டியதும் தராசுவுக்குப் பழைய வியாதி வந்தது. நாத்தனார் முகத்தைத் துடைக்கத் திரும்பிய நேரத்தில், வலத் தொட்டிலிலிருந்து பத்து மீன்களைச் சத்தமில்லாமல் மறுபடி அவள் கைக்குக் கொடுக்கச் சொல்லிப் புருஷனுக்குச் சாடை காட்டினாள். நாத்தனார் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். ஒன்பது வலம். ஒன்று தெரியல. கடைசியாகச் சொன்ன மீனை விடாமல் கையில் வைத்துக்கொண்டு புருவத்தைச் சுருக்கினாள்.

"இந்த உதட்டுத் தழும்பை நான் முன்னாடியே பாத்தேனே. ஏய், என்னையே நிறுத்துப் பாக்கறியா?"

"எதுக்கும் இன்னொரு தடவை அண்ணி..."

"சரிதான்! இவ கையில எமன் வந்து சிக்கினாலும், 'இன்னொரு தடவை வாங்க'ன்னு திருப்பி அனுப்பிடுவா." வலைக்காரர்கள் சிரித்ததில் மீன்கள் கலைந்தன. ஆனால் அதன் பிறகு நாத்தனார் முன்னைவிட நிதானமாகத் தடவினாள். சோதனையில் தேறியவளின் நிமிர்வு அவள் தோளில் தெரிந்தது.

பத்து மணிக்குள் முடிந்தது. கிடைத்தவை ஐந்நூற்று முப்பத்தொன்று. வலம் இருநூற்று ஐம்பத்தொன்று, இடம் இருநூற்று நாற்பத்திரண்டு, தெரியாதது முப்பத்தெட்டு. நிறுக்கவே வேண்டியதில்லை போலிருந்தது. வலத் தொட்டிலில் முதுகுகள் தடித்துத் தெரிந்தன. இடத் தொட்டிலில் அதே வயசு மீன்கள் தம்பிகள் போல இருந்தன. ஆனாலும் கூடைக்குப் பத்தாகப் போட்டு நிறுத்தார்கள். தராசு கூட்டி வகுத்தாள். மறுபடியும் கூட்டி வகுத்தாள். இடம் சராசரி அறுநூற்றுப் பத்து கிராம். வலம் எழுநூற்றுத் தொண்ணூறு.

"அஞ்சுல ஒரு பங்குன்னா எழுநூத்தி முப்பத்திரண்டு போதும்" என்றான் புருஷன். "அதையும் தாண்டிடுச்சு. ஏதோ ஒண்ணு ஜெயிச்சிருக்கு. எதுன்னுதான் தெரியல."

"ஏன் தெரியாது?" நாத்தனார் முழங்கால் தண்ணீரில் இறங்கி வலத் தொட்டிலின் விளிம்பைப் பிடித்தாள். முகம் மலர்ந்திருந்தது. "இந்த முதுகைப் பாரு. இந்த மினுமினுப்பைப் பாரு. இது எங்க அப்பா வளத்த வம்சம்டா. நான் தொட்டதுமே விரல் சொல்லிடுச்சு. அக்கரை மாப்பிள்ளைங்க பெத்ததெல்லாம் அதோ, அந்தச் சோனிங்க!"

எல்லோரும் தராசுவைப் பார்த்தார்கள். அந்த ஒரு நொடியில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. காசு அன்றைக்குத் தலை விழுந்ததா, பூ விழுந்ததா? தலை என்றால் வலம் என்றுதானே வைத்தோம்? இல்லை, தலை என்றால் இடமா? எட்டு மாதமாகக் கல்லில் செதுக்கியது போல நினைவிருந்தது. இப்போது கல்லே கரைந்தது.

பொரிப்பகத்துக்கு ஓடினாள். மேசை இழுப்பறையைத் திறந்து நோட்டை எடுத்தாள். பிரித்துப் பார்க்கத் துடித்த விரலை அடக்கிக்கொண்டு, மூடியபடியே கரைக்குக் கொண்டுவந்து நாத்தனாரிடம் நீட்டினாள்.

"நீங்களே படிங்க அண்ணி."

நாத்தனார் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். பக்கத்தைத் தேடினாள். சத்தமாகப் படிக்க ஆரம்பித்தாள். "காசு தலை விழுந்தது. ஆகவே கலப்பு மீனுக்கு..." அங்கேயே நின்றாள். உதடு மட்டும் இன்னொரு முறை அசைந்தது.

"வலத் துடுப்பு" என்றாள்.

தராசு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். வலைக்காரர்கள் போட்ட கூச்சலில் குளக்கரைக் கொக்குகள் எழும்பின. புருஷன் தலையிலிருந்த துண்டை உருவி வானத்தில் வீசினான். அது போய்த் தண்ணீரில் விழுந்தது.

நாத்தனார் தன் வலக் கையின் கட்டை விரலை முன்னால் நீட்டி, வேறு யாருடையதோ போல உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். "நான் பால் ஊத்தி வளத்த விரல்" என்றாள். "எனக்கே எதிரா வந்து சாட்சி சொல்லிடுச்சு பாரு." பிறகு அவளுக்குள்ளிருந்து சிரிப்பு புறப்பட்டது. தொடங்கினால் நிற்காத சிரிப்பு. சிரித்துக்கொண்டே இடுப்பிலிருந்த சாவிக் கொத்தை அவிழ்த்து, பொரிப்பகத்தின் இரண்டாவது சாவியைக் கழற்றித் தராசுவின் மடியில் போட்டாள். "இதையும் நீயே வச்சுக்கோ. ரெண்டு சாவி இருந்தாத்தானே ரெண்டு தடவை பூட்டலாம்?"

"அண்ணி, அன்னிக்குப் பதர்னு சொன்னது..."

"சொன்னது சொன்னதுதான். இப்போ அழுதுட்டு உக்காராதே, எந்திரி. அடுத்து என்ன பண்ணணும்?"

தராசு கண்ணைத் துடைத்தாள். "இந்தக் கலப்பு மீன் எல்லாம் விக்கிறதுக்கு. இதையே திரும்பத் தாயாக்கினா இந்த வேகம் குறைஞ்சிடும். ஒவ்வொரு தடவையும் புதுசாத்தான் கலக்கணும். அதுக்கு ரெண்டு வம்சத்தையும் தனித்தனியா காப்பாத்தணும். அக்கரையிலேருந்து பெண் மீனும் வாங்கி, அந்த வம்சத்துக்கு மூணு தொட்டி. நம்ம வம்சத்துக்கு மூணு தொட்டி."

"நம்ம வம்சமும் வேணுமா?" குரல் சட்டென்று தாழ்ந்தது.

"அது இல்லாம எதோட கலக்கறது? பாதி நம்ம வீட்டு ரத்தம்தானே அண்ணி இது."

லாரி வந்து நின்றது. லாரிக்காரர் இறங்கியதும் தொட்டில்களைப் பார்த்து வாயைப் பிளந்தார். வலத் தொட்டில் மீன்கள் ஒவ்வொன்றாகத் தண்ணீர்த் தொட்டியில் ஏறின. அடுத்து இடத் தொட்டிலுக்கு வந்தார்கள். அதன் ஓரத்தில் ஒரு மீன் மற்றவற்றைத் தள்ளிக்கொண்டு வளைய வந்தது. பழைய வம்சத்தில் பிறந்தும் வலத்து மீன்களுக்குச் சளைக்காத உடம்பு. லாரிக்காரரின் கண் நேராக அதன் மேல்தான் போனது.

"அக்கா, அதை முதல்ல ஏத்துங்க."

பதினைந்து வருஷமாக அந்த வார்த்தைக்கு நாத்தனார் தலையாட்டித்தான் பழக்கம். இப்போது தானே குனிந்து, ஈரத் துணியில் அந்த மீனை வாரி எடுத்து, குழந்தையைப் போல முன்கையில் ஏந்திக்கொண்டாள்.

"இது விக்கிறதுக்கு இல்ல. அந்தச் சின்னதுங்களை வேணா எடுத்துட்டுப் போ."

"சின்னதா? எப்பவும் சின்னதை நீங்கதானே வச்சுப்பீங்க?"

"அது அப்போ" என்றாள் நாத்தனார். விடுவிடுவென்று பொரிப்பகத்தைப் பார்த்து நடந்தாள். தராசு பின்னால் ஓடிக் கதவைத் திறந்தாள். மீனை ஈரத் துணியோடு மேசைத் தராசில் வைத்தார்கள். துணியின் எடையைக் கழித்துத் தராசு நோட்டில் எழுதினாள். பழைய வம்சம், முதல் தேர்வு, எண்ணூற்றுப் பதினைந்து கிராம். எழுதிவிட்டு மீனைத் தொட்டியில் விடத் தூக்கினாள்.

"இரு இரு" என்று நாத்தனார் அவள் கையைப் பிடித்தாள். "எதுக்கும் இன்னொரு தடவை நிறுத்துடு."